கனியின் பேருருவம்

கையிலே அடங்குகின்ற ஒரு கனியை மாளிகையளவு பெரிதாக்கி நிறுத்திப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை விந்தையானது. உண்பதற்கு உதவாத அக்கனியை ஆக்குவதற்கு மனிதர் கல்லையும் உருக்கையும் வெண்கலத்தையும் செலவிட்டிருக்கின்றனர்; இன்று கணினியையும் துணைக்கு அழைத்திருக்கின்றனர். பொழுதுபோக்கென்று இதனை ஒதுக்கிவிடுவோரும் உளர். ஆயினும் இவ்வாசையின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்குவோர், சிறியதொன்றைப் பெரியதாக்குதல் எத்துணை அரிய செயல், அச்செயலிலே கருவியின் பங்கு யாது, கையின் பங்கு யாது என்னும் வினாக்களுக்கு விடை காண்பர். கணினி புகுந்தபின் சிற்பியின் கைக்கு வேலை உண்டோ என்று பலரும் ஐயுறும் இக்காலத்தில் அவ்விடை பயனுடையதாகும்.

ஸ்கொத்லாந்து நாட்டிலே எயர்த் என்னும் ஊருக்கு அண்மையில் டன்மோர் பூங்கா இருக்கின்றது. நான்காம் டன்மோர் பிரபுவாகிய ஜோன் மறே அங்கு எழுப்பிய தோட்டமண்டபத்தின் வாயில் வளைவிலே 1761 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அம்மண்டபத்தின் உச்சியில் ஏறத்தாழ 14 மீற்றர் உயரமுள்ள அன்னாசிப்பழம் ஒன்று கல்லிலே நிற்கின்றது. வெப்பநாட்டுக் கனியாகிய அன்னாசியைப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரித்தானியர் பெருஞ்செல்வர் வீட்டு விருந்தின் அடையாளமாகக் கருதினர். குளிர்நாட்டிலே அதனைப் பழுக்கவைப்பதற்கு டன்மோர் தோட்டத்தின் சுவர்களை உட்பொள்ளலாகக் கட்டி, உலையிலிருந்து எழும் வெப்பக்காற்றை அவற்றினூடே செலுத்தினர். புகைபோக்கிகள் தாமும் கற்சாடிகளின் வடிவிலே மறைத்துவைக்கப்பட்டன. நெருப்பின் உதவியாலே விளைந்த கனி கூரையின்மேல் கல்லாய் ஏறிற்று.

அக்கற்கனியைச் செதுக்கியோர் கனியை அப்படியே பின்பற்றினர் என்று எண்ணுதல் தவறாகும். உயிருள்ள அன்னாசிச்செடி தன் இலைகளின் அடியிலே மழைநீரைத் தேக்கிவைக்கும் இயல்புடையது. கல்லிலை நீரைத் தேக்குமாயின், பனிக்காலத்தில் அந்நீர் உறைந்து விரிந்து கல்லைப் பிளந்துவிடும். ஆதலின் டன்மோர்க் கல்தச்சர் ஒவ்வோர் இலைக்கும் தனித்தனியே நீர் வடியும் வழி அமைத்தனர். பழத்தின் மேற்பரப்பிலுள்ள முகிழ்களையும் நீர் எங்கும் தங்காதவாறு சரித்துச் செதுக்கினர். கண்ணுக்கு அஃது அன்னாசியே. கட்டுமுறையிலோ அன்னாசியின் இயல்புக்கு நேர்மாறானது. கனி பெரிதாகுங்கால் இத்தகைய முடிவுகளை யாரோ ஒருவர் எடுத்தேயாக வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

இதன் காரணத்தை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே விளக்கியிருந்தார். ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் பத்து மடங்காக்கினால், அதன் மேற்பரப்பு நூறு மடங்காகும். கனவளவோ ஆயிரம் மடங்காகும். 15 சென்ரிமீற்றர் உயரமும் 1 கிலோகிராம் எடையுமுள்ள ஓர் அன்னாசியை எண்ணிப் பார்க்கலாம். அதனை 30 மடங்கு பெருக்கி நாலரை மீற்றர் உயரமாக்கினால், எடை 27,000 கிலோகிராம், அதாவது 27 தொன் ஆகிவிடும். அவ்வெடையைத் தாங்கும் அடிப்பகுதியின் பரப்போ 900 மடங்கே பெருகியிருக்கும். ஆகவே ஒவ்வொரு சதுர அங்குலமும் முன்னைக்காட்டிலும் 30 மடங்கு பாரத்தைச் சுமக்கும். மெல்லிய காம்பு பேருருவிலே முறிந்துவிடும். தழைந்த இலை தன் பாரத்தாலே சரிந்துவிடும். பேருருக் கனிகள் பெரும்பாலும் உள்ளே வெறுமையாயிருப்பதன் காரணம் இதுவே. மெல்லிய ஓடும், அவ்வோட்டைத் தாங்கும் சட்டகமுமே அங்குள்ளன, சதைப்பற்றென்று ஒன்றில்லை.

பாரத்தை அடுத்து நிற்கும் தடை வடிவம். தமிழ்நாட்டுச் சிற்பியர் தெய்வத் திருமேனிகளை வடிப்பதற்குத் தாலப் பிரமாணம் என்னும் அளவுமுறையைக் கையாள்கின்றனர். முகத்தின் அளவு இன்னது, மார்பின் அளவு இன்னது என விகிதம் வகுக்கப்பட்டிருத்தலின், ஒரு சாண் உருவத்தையும் ஆளுயர உருவத்தையும் அவர்கள் ஒரே விதியாலே வடித்தல் கூடும். கனிக்கு அத்தகைய பிரமாணம் இல்லை. ஒரு பூசணியின் வரிகள் மற்றொரு பூசணியின் வரிகளை ஒவ்வா. எனவே குறிப்பிட்ட ஒரு கனியைப் பெருக்க விழைபவன், அதன் மேடுபள்ளங்களைப் புள்ளி புள்ளியாக அளந்தே பெருக்கவேண்டியவனாகின்றான்.

புள்ளி வைத்து அளக்கும் கலை ஐரோப்பாவிலே நெடுங்காலமாக வளர்ந்துவந்தது. மாதிரியுருவிலே மூன்று நிலைப்புள்ளிகளைக் குறித்து, ஏனைய புள்ளிகளின் தொலைவை அவற்றிலிருந்து கவராயத்தால் அளந்து, கல்லிலே அதே விகிதத்திற் பெருக்கித் துளையிடுவர்; பின்னர்த் துளைகளுக்கிடையே எஞ்சிய கல்லை உளியால் நீக்குவர். நீராவிப் பொறியைச் சீர்திருத்திப் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாற் தமது முதுமைக்காலத்தில் பேர்மிங்காம் நகருக்கு அண்மையிலுள்ள தம் வீட்டு மாடியறையில் அமர்ந்து, சிற்பங்களைப் படியெடுக்கும் இயந்திரங்கள் இரண்டை ஆக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். ஒன்று அதே அளவிலும் மற்றொன்று வேறோர் அளவிலும் உருவங்களைச் செதுக்கவல்லது. 1819ஆம் ஆண்டில் அவர் காலமானார். அவ்வறையின் பொருள்கள் 1924ஆம் ஆண்டில் லண்டன் விஞ்ஞான நூதனசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

பிரான்சிலே பிரான்சுவா வில்லெம் என்பவர் இதனினும் வியத்தகு முறையொன்றைக் கண்டார். அவர் 1860ஆம் ஆண்டளவில், வட்டமான கூடம் ஒன்றின் நடுவே ஒருவரை இருத்தி, சுற்றிலும் வைக்கப்பட்ட 24 படப்பெட்டிகளால் ஒரேவேளையில் அவரைப் படம்பிடித்தார். ஒவ்வொரு படத்தின் புறக்கோட்டையும் விகிதவரைகருவி ஒன்றாலே தொடர்ந்து, அதற்கேற்பக் களிமண்ணைச் சிறிது சிறிதாகத் திருப்பி வெட்டுவித்தார். இவ்வாறு ஒளிப்படத்திலிருந்து சிற்பம் பிறந்தது. ஆயினும் வெட்டுகளுக்கிடையே எழுந்த வரம்புகளைத் தேய்த்துச் செப்பஞ்செய்வதற்குக் கைவேலை மிகுதியாகத் தேவைப்பட்டது. அந்நிலையம் சில ஆண்டுகளிலே மூடப்பட்டது. படங்கள் பலவற்றைச் சேர்த்து வடிவம் காணும் இன்றைய கணினி முறைக்கு அதுவே முன்னோடி எனலாம்.

பெருக்கும் பொறிகளைப் பெருஞ்சிற்பியரும் இகழவில்லை. ஓகுஸ்த் றொடன் ஆக்கிய ‘சிந்தனையாளன்’ என்னும் உருவம் முதலில் 70 சென்ரிமீற்றர் அளவினதாகவே இருந்தது. அதனை ஆளுயரத்தினும் பெரிதாக்கியவர் ஆன்றி லெபோசே என்னும் பெருக்குத் தொழிலறிஞர். அவ்வாறு பெருக்கப்பட்ட உருவம் 1904ஆம் ஆண்டிலே மக்கள்முன் வைக்கப்பட்டது. றொடன் பெயரை உலகம் அறியும்; லெபோசேயின் பெயரை அறிந்தோர் சிலரே. பேருருவின் வரலாறெங்கும் இக்குறை தொடர்கின்றது.

இருபதாம் நூற்றாண்டிலே கனியைப் பெருக்கும் விருப்பம் பிரபுக்களின் தோட்டத்திலிருந்து வணிகரின் வாயிலுக்கு இடம்பெயர்ந்தது. ஹவாயின் தலைநகராகிய ஹொனலூலுவில் அன்னாசிப் பழங்களைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று, 1920களின் இறுதியில் தனது நீர்த்தாங்கியை அன்னாசி வடிவிலே உருக்கினால் அமைத்தது. நகரின் அடையாளமாய் நெடுநாள் விளங்கிய அத்தாங்கி 1993ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. அவுஸ்திரேலியாவின் கொவ்ஸ் ஹாபர் என்னுமிடத்தில், தோட்டப் பழக்கடைக்கு வழிப்போக்கரை ஈர்க்கும் பொருட்டு 1964ஆம் ஆண்டு டிசெம்பரிலே 13 மீற்றர் நீளமுள்ள வாழைப்பழம் ஒன்று எழுப்பப்பட்டது. மக்கள் அதன் உள்ளே நடந்து செல்லலாம். அதன்பின் அந்நாட்டிலே அன்னாசி, மாம்பழம் எனப் பல பேருருக் கனிகள் தெருவோரங்களில் தோன்றின. குவீன்ஸ்லாந்தில் 1971ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அன்னாசி 16 மீற்றர் உயரமானது.

அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்திலுள்ள கவ்னி நகரம் 1981ஆம் ஆண்டில் தன் நீர்த்தாங்கியைப் பீச்சுப்பழமாகவே அமைத்தது. 135 அடி உயரமுள்ள அத்தாங்கி பத்து இலட்சம் கலன் நீரைக் கொள்வது. உருக்குத் தகடுகளால் ஆன அவ்வுருண்டையிலே பழத்தின் நடுப்பிளவும் ஓரிலையும் பொருத்தப்பட்டன. ஆயினும் வெறும் உருக்கு உருண்டையைப் பழமாக்கியது வண்ணமேயாகும். அதனைத் தீட்டிய ஓவியர் பீற்றர் புரொயிடன்பேர்க் அப்பகுதியிலே விளைந்த பீச்சுப் பழங்களைக் கூர்ந்து நோக்கி, ஒன்றோடொன்று கலந்து மயங்கும் பல நிறங்களைக் கையாண்டார். கொல்லரின் கணக்கும் ஓவியரின் கண்ணும் சேர்ந்தே அங்குக் கனியை உருவாக்கின.

தெருவோரத்திலிருந்து கலைக்கூடத்தின் தோட்டத்திற்குப் பேருருக் கனியைக் கொணர்ந்தோருள் குளொஸ் ஓல்டன்பேர்க், கூஷ்யே வன் புறுகன் ஆகிய தம்பதியர் முதன்மையானோர். மினியாபொலிஸ் நகரச் சிற்பத்தோட்டத்திலே 1988ஆம் ஆண்டில் நிறைவுற்ற அவர்களது ஆக்கத்தில், குளத்தின்மீது வளைந்து கிடக்கும் பெருங்கரண்டியின் நுனியிலே செந்நிறச் செரிப்பழம் ஒன்று வீற்றிருக்கின்றது. கரண்டியின் எடை 5,800 இறாத்தல்; பழத்தின் எடை 1,200 இறாத்தல். இவற்றைக் கட்டி முடித்தவை கப்பல் கட்டும் துறைகளாகும். வளைந்த விலாச்சட்டங்களின்மேல் உலோகத்தோலைப் போர்த்தி, நீருக்கும் காற்றுக்கும் ஈடுகொடுக்கச் செய்யும் வித்தை கப்பல் தச்சருக்கே கைவந்ததன்றோ? பழத்தின் காம்பிலிருந்து நீர் கசிந்து பழத்தின்மேல் வழிவதால் அதன் செம்மை எப்பொழுதும் ஒளிர்கின்றது. பல்லாண்டு வெயிலும் பனியும் அச்செம்மையை மங்கச் செய்தமையால், 2021ஆம் ஆண்டின் இறுதியில் பழம் கழற்றப்பட்டு, மீண்டும் வண்ணம் தீட்டப்பெற்று, அடுத்த ஆண்டிலே தன் இடத்தை அடைந்தது.

இதற்கிடையில் உருவத்தை எண்ணாக்கும் முறை கலையோடு தொடர்பற்ற வேறோர் இடத்திலே வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்கரான ஜோன் பாசன்ஸ் ஹெலிகொப்றர் இறகுகளுக்குரிய அச்சுத்தகடுகளைச் செய்யும் தொழிலில் ஈடுபட்டிருந்தார். இறகின் வளைவு 17 புள்ளிகளாலே குறிக்கப்பட்டு அவரிடம் வந்தது. புள்ளிகளுக்கிடையிலான வளைவைத் தொழிலாளி தன் கண்மதிப்பாலே வரைவதே வழக்கம். பாசன்ஸின் கூடத்தார் துளையட்டைக் கணிப்பொறியைக் கொண்டு அவ்வளைவிற்கு 200 புள்ளிகளைக் கணித்தனர். அவ்வெண்களைப் பொறியே வாசித்து வெட்டினால் என்ன என்னும் எண்ணம் அங்கிருந்தே எழுந்தது. 1952ஆம் ஆண்டில் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தார், எண்களின் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் பொறியை இயக்கிக் காட்டினர்.

பிரெஞ்சு நாட்டு மோட்டார் வண்டித் தொழிலிலே சித்றோயன் நிறுவனத்தின் போல் த கஸ்தெல்சோவும் றெனோ நிறுவனத்தின் பியர் பெசியேயும், நெளிவான பரப்புகளைச் சில கட்டுப்புள்ளிகளாற் குறிக்கும் கணிதமுறையை 1959ஆம் ஆண்டு தொடங்கி வளர்த்தனர். யப்பானியரான ஹிதியோ கொடாமா 1981ஆம் ஆண்டில், ஒளியால் இறுகும் பசையை அடுக்கடுக்காக இறுக்கி உருவங்களை ஆக்கும் முறையை வெளியிட்டார். அத்தகைய முறைக்கு அமெரிக்கரான சாள்ஸ் ஹல் 1986ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்றார். இம்மூன்றும், பொருள்களை லேசர் ஒளியால் அளந்து எண்ணாக்கும் முறையும் சேர்ந்தபொழுது, சிற்பக்கூடத்தின் கதவு கணினிக்குத் திறந்தது.

இன்று ஒரு கனியைப் பேருருவாக்குவோர் செய்வது யாது? நல்ல கனியொன்றைத் தெரிந்து மேடையில் வைத்து, நாற்புறமும் நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கின்றனர். அல்லது லேசர் ஒளியை அதன்மேற் படரவிட்டு அளக்கின்றனர். பளபளக்கும் தோல் ஒளியைச் சிதறடித்து அளவைக் கெடுக்குமாதலால், கனியின்மீது வெண்பொடி தூவுவதும் உண்டு. வெட்டிய கனி நேரம் செல்லச்செல்ல வாடுமாதலால் வேலை விரைந்து நடைபெறல் வேண்டும். கிடைத்த அளவுகள் கணினியிலே இலட்சக்கணக்கான முக்கோணங்களாலாகிய வலையாக மாறுகின்றன. அவ்வலை வேண்டியவாறு பெருக்கப்பட்டுத் துண்டங்களாகப் பகுக்கப்படுகின்றது. றெஜிபோம் என்று இலங்கையில் வழங்கும் வெண்ணுரைக் கட்டியிலே பொறிக்கை ஒன்று ஒவ்வொரு துண்டத்தையும் குடைந்தெடுக்கின்றது. துண்டங்களை ஒட்டி, நார்க்கண்ணாடியும் பிசினும் பூசி, தேய்த்து வண்ணம் தீட்டுகின்றனர். அல்லது அதிலிருந்து அச்செடுத்து வெண்கலம் வார்க்கின்றனர்.

பொறி இவ்வளவும் செய்யுமாயின், டன்மோர்க் கல்தச்சர் எதிர்கொண்ட தடைகள் நீங்கிவிட்டன என்று தோன்றலாம். அவை நீங்கவில்லை, வேறு உருவத்திலே திரும்பி வந்துள்ளன. பத்தில் ஒரு மில்லிமீற்றர் நுண்மையோடு அளக்கப்பட்ட தோடம்பழத்தை 30 மடங்கு பெருக்கினால், அளவுப் புள்ளிகளுக்கிடையே 3 மில்லிமீற்றர் இடைவெளி தோன்றும். அவ்விடைவெளியில் என்ன உளது என்பதைக் கணினி அறியாது. வழுவழுப்பான பரப்பொன்றால் அதனை நிரப்பிவிடும். தோலிலே 1 மில்லிமீற்றர் அகலமுள்ள குழி 3 சென்ரிமீற்றர்க் குழியாகும். அதன் உட்புறத்தைப் பார்ப்பவர் கண் நாடும். சிறு கனியிலே யாரும் நோக்காத அவ்வுட்புறத்தைப் புதிதாகப் படைக்கவேண்டியவர் சிற்பியே. அன்னாசியின் நெருங்கிய இலைகளுக்கிடையே லேசர் ஒளி புகாது. அங்கே எழும் ஓட்டைகளையும் இலையமைப்பை அறிந்த ஒருவரே நிரப்பவேண்டும்.

பார்வையின் மாற்றம் மற்றொரு தடையாகும். கையிலுள்ள கனியை மனிதர் மேலிருந்து நோக்குகின்றனர். பேருருக் கனியைக் கீழிருந்து அண்ணாந்து நோக்குகின்றனர். காம்பும் முடியும் மறைந்து, முன்பு ஒருவரும் கருதாத அடிப்பகுதி முன்னே வந்து நிற்கும். கணக்குப் பிசகாது பெருக்கிய உருவம் கண்ணுக்குப் பிசகாகத் தோன்றுவது இதனாலேயே. முடியைச் சற்று நீட்டுவதா, வயிற்றைச் சற்று ஒடுக்குவதா என்பனவற்றை எண்கள் சொல்லமாட்டா. அளவு எடுத்ததோடு வேலை முடிந்ததென்று கருதியோர் நிறுத்திய கனிகள், காற்றடைத்த பந்துகள்போல் உயிரின்றி நிற்கும்.

கனியின் வெறுமையைக் கடல் சோதித்த நிகழ்ச்சியும் உண்டு. 1929ஆம் ஆண்டில் யப்பானின் மற்சுமோட்டோ நகரிலே, விதையும் நாற்றும் விற்கும் குடும்பத்தில் யாயோய் குசாமா பிறந்தார். இளமையிலேயே பூசணிக்காய்கள் அவர் நெஞ்சைக் கவர்ந்தன. கரும்புள்ளிகள் நிறைந்த அவரது மஞ்சட் பூசணி ஒன்று 1994ஆம் ஆண்டில் நவோஷிமாத் தீவிலே, கடலினுள் நீண்ட இறங்குதுறையின் நுனியில் வைக்கப்பட்டது. நார்க்கண்ணாடியாலான அப்பூசணியை 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்துச் சூறாவளியலைகள் பெயர்த்துச் சென்று கரையிலே மோதி உடைத்தன. உலகெங்கும் மக்கள் அக்காட்சியைக் கண்டு வருந்தினர். முன்னையதினும் உறுதியாக ஆக்கப்பட்ட புதிய பூசணி 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில் அதே இடத்திலே நிறுத்தப்பட்டது. அவரது மற்றொரு பூசணி, 6 மீற்றர் உயரமுள்ள வெண்கல வார்ப்பு, 2024ஆம் ஆண்டில் லண்டன் கென்சிங்ரன் பூங்காவில் நின்றது.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. உயிருள்ள பூசணி அழிந்தால் விதையிலிருந்து மற்றொன்று முளைக்கும். சிற்பப் பூசணி அழிந்தால் அச்சிலிருந்தும் அளவிலிருந்தும் மற்றொன்று பிறக்கும். எண்ணாக்கப்பட்ட வடிவம் ஒருவகையில் விதையையே ஒத்தது. ஆயினும் விதை தானே முளைத்துவிடுவதில்லை. நிலத்தை அறிந்தவன் அதனைப் பேணவேண்டும். கடலலையின் வலிமையைக் கண்டபின் இரண்டாம் பூசணியை உறுதியாக்க முடிவுசெய்தவர் மனிதரே. நீர் உறையும் என்பதை அறிந்து கல்லிலைக்கு வடிகால் அமைத்தவரும் மனிதரே. இருவருக்குமிடையே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்துள்ளன. கருவிகள் பல மாறியுள்ளன. அறிவின் இயல்பு மட்டும் மாறவில்லை.

மாறாத குறையொன்றும் உண்டு. டன்மோர் அன்னாசியை வரைந்த கட்டடக்கலைஞர் யாரென்பது வரலாற்றில் இல்லை. அதனைச் செதுக்கிய கைகளின் பெயரும் இல்லை. பிரபுவின் பெயர் மட்டும் நிலைத்திருக்கின்றது. இன்றும் பேருருக் கனியின் அடியிலுள்ள பலகையில் கலைஞரின் பெயர் காணப்படுகின்றது. இடைவெளிகளை நிரப்பியோர், துண்டங்களை ஒட்டியோர், நாட்கணக்காகத் தேய்த்தோர் ஆகியோரின் பெயர்கள் காணப்படுவது அரிது. பொறியே எல்லாம் செய்தது என்னும் எண்ணம் பரவுமாயின், அவர்கள் மேலும் மறக்கப்படுவர். அவர்களது தொழிலைக் கற்க இளைஞர் முன்வரார். அத்தொழிலை அறிந்தோர் இல்லாத காலத்தில் மிகச்சிறந்த பொறியும் மிகப்பெரிய பிழையையே செதுக்கித் தரும்.

டன்மோரின் கல்லன்னாசி இன்றும் நிற்கின்றது. அதன் அடியிலுள்ள இல்லம் பழுதுபார்க்கப்பட்டு, விடுமுறை நாட்களிலே தங்க வருவோருக்கு வாடகைக்கு விடப்படுகின்றது. மழை பொழியும்பொழுது, பெயர் தெரியாத அத்தச்சர் வகுத்த வழியே நீர் இலைக்கு இலை வடிந்து கீழே இறங்குகின்றது. பேருருக் கனியை ஆக்கும் கணினியாளரும் கற்றுக்கொள்ளவேண்டிய முதற்பாடம் அந்நீரின் போக்கிலே உள்ளது.